தறிச் சத்தத்துக்கு நடுவே டாங்கி

பவானியில் எங்கள் ஊட்டுக்குப் பின்னாடியே தறி ஓடும். அந்தச் சத்தத்தில் டிவி கேமின் இசை பாதிதான் காதில் விழும். 1983இல் நிண்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியின் நகல்தான் எங்களிடம் இருந்தது என்பதே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மஞ்சள் கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும்; எண்ணிப் பார்த்தால் இருபதுகூடத் தேறாது. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, வாயருகே வைத்து ஊதி, மறுபடி அழுத்தணும்.

மரியோ எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கு பேட்டில் சிட்டி. நாங்கள் வைத்த பேர் டாங்கி. நாம்கோ கம்பெனியின் 1985 ஆட்டம், 35 கட்டம். நாம் காப்பாற்ற வேண்டிய கழுகைச் சுற்றிச் செங்கல் சுவர். மண்வெட்டி கிடைத்தால் அந்தச் சுவர் கொஞ்ச நேரம் இரும்பாகும். சித்தப்பா பையனும் நானும் ஜோடி. அவன் குண்டு பட்டால் என் டாங்கி நகராமல் நின்றுவிடும். வேணும்னேதான் சுடுவான் (இன்றைக்கும் ஒத்துக்கமாட்டான்). அதற்குள் எதிரி கழுகை முடித்திருப்பான்.

"ஏங்கண்ணு, அந்த அடாப்டரு கொதிக்குது, நிறுத்துங்க சாமி" என்று அப்பத்தா திண்ணையிலிருந்தே கத்தும்.

ஒரே ஒரு தடவை 34ஆம் கட்டம் வரை போனோம். கரண்ட் போச்சு. தறியும் நின்றது.