சூடைக்கு வயது போகிறது

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் கணக்கு உண்டு. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற மணல் நிலம் இது. கிணறு தோண்டினால் பெரும்பாலும் உவர்தான். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நேரம் பார்த்துப் பிடித்து வைக்க வேண்டும், தவறினால் வண்டித் தண்ணீரைக் குடக்கணக்கில் வாங்க வேண்டும். அதனால்தான் எங்கள் பூனை சூடைக்குச் சுகமில்லை என்பதை முதலில் கண்டது அம்மா. பூனைக்கென்று அடுப்படி வாசலில் வைக்கிற மண்சட்டித் தண்ணீர் முன்பெல்லாம் பொழுதுபடும் வரைக்கும் கிடக்கும். இப்போது மத்தியானத்துக்குள் அடி தெரிந்தது.

"பிள்ளை, இவளுக்கு என்னவோ செய்யுது. இவ்வளவு தண்ணி குடிக்கிற பூனையை நான் ஊரிலயும் கண்டதில்லை" என்றார்.

ஊர் என்றால் இலங்கையில் மன்னார்த் தீவின் பேசாலை. 2006இல் சண்டை மறுபடி மூண்டபோது படகேறி வந்தோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல். மணலில் இறங்கி, விசாரணை முடிந்து, பதிவு எழுதி, மண்டபம் அகதி முகாமில் ஒரு வரிசை வீட்டில் அறை கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரைத் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நிறுத்தி வைத்த முகாம் இதுதான். இங்கிருந்து அங்கே போனவர்களுக்காகக் கட்டிய இடத்தில் அங்கிருந்து வந்த நாங்கள் இருக்கிறோம்.

முதல் வருடங்களில் அம்மா வாசலில் ஒரு செடிகூட வைக்க விடவில்லை. திரும்பிப் போகப் போகிறவர்களுக்கு எதற்கு என்பார். 2009இல் சண்டை முடிந்தது. ஊரில் வீடும் இல்லை, வள்ளமும் இல்லை என்று செய்தி வந்தது. அடுத்த வருட மழைக்காலத்தில் மூன்று நிறக் குட்டி ஒன்று படியேறி வந்தபோது அம்மா விரட்டவில்லை. மற்ற மீனைத் தொடாமல் சூடை மீனை மட்டும் தின்றதால் அந்தப் பேரே நின்றுவிட்டது. அந்த வருடமே முருங்கைக் கொப்பு ஒன்றையும் நட்டோம்.

2024இல் சூடைக்கு 14 வயது. மனிதக் கணக்கில் எழுபதைத் தாண்டிய கிழவி. பத்து வயதைத் தாண்டிய பூனையை முதியதாகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பூனை தன் வருத்தத்தை வெளியே காட்டாது. நாய் என்றால் முனகும், காலைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வரும். பூனை ஒதுங்கிப் படுக்கும், அவ்வளவுதான். வயது போனால் தூங்கத்தானே செய்யும் என்று பார்க்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். வயது ஒரு நோயில்லை. கிழப் பூனை மெலிந்தால் அதற்குக் காரணம் ஒன்று உள்ளே இருக்கிறது. அதைத் தேடத்தான் வேண்டும்.

தேடுவது என்றால் பழக்கத்தைப் பார்ப்பது. நேற்று வரை செய்ததை இன்று செய்யவில்லையா, செய்யாததைச் செய்கிறதா? சூடை தினமும் விடிய மதில் ஏறி, ஓட்டுக்குத் தாவி, மீன் வண்டி வருகிற பக்கம் பார்த்து உட்காருவாள். அந்த வருடம் சித்திரையில் மதிலோடு நின்றுவிட்டாள். தாவ முன்னால் முன்கால்களைச் சுவரில் வைத்துப் பார்த்து, இறக்கிவிடுவாள். முதுகின் பின்பக்கம் மயிர் நக்கப்படாமல் திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. வயது போன பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் மிகவும் சாதாரணம். உடம்பைத் திருப்பி முதுகை நக்க முடியாமல் போவதால் முதலில் கெடுவது அந்த இடத்து மயிர்தான்.

அது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான் வரும், விலையும் ஏறிவிடும். சூடை சாப்பாட்டைக் குறைத்ததும், நல்ல மீன் இல்லாததால் கோபித்துக்கொண்டாள் என்று வரிசையில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் வேதாளையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா, நாட்டுப்படகில் வந்த சூடை மீனிலேயே இரண்டைத் தூக்கிப் போட்டார். அவள் மோந்து பார்த்து, வாயில் எடுத்து, கீழே விட்டாள். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தார்.

"என்னத்தா, இது பசி இல்லாத பூனை இல்ல. திங்க ஆசப்படுது, முடியல. வாயப் பாரு."

மேலுதட்டை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தேன். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிக் கிடந்தது. கடைவாய்ப் பல்லின் அடியில் மட்டும் சிவந்த கோடு, மேலே மஞ்சளாகப் படிந்த காறை. மூச்சில் மீன் வாடை இல்லை; மூத்திர வாடை. இந்த வாடை வந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று பிறகு டாக்டர் விளங்கப்படுத்தினார். ஒரு எச்சரிக்கையும் சொன்னார், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தடுப்பூசி போடாத பூனை திடீரென்று குணம் மாறி, எச்சில் வடித்துக்கொண்டு நின்றால் வாயில் கை வைக்கவே கூடாது. வெறிநோயாக இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும்.

அக்காவிடம் மீன் நிறுக்கிற தராசு இருந்தது. துணிப் பையில் சூடையை வைத்துத் தொங்கவிட்டோம். மூன்று கிலோவுக்குக் குறைவு. முந்தின வருடம் தடுப்பூசி போட்டபோது சீட்டில் நாலு கிலோ என்று எழுதியிருந்தார்கள். மயிர் அடர்ந்த பூனை மெலிவது கண்ணுக்குத் தெரியாது. முதுகெலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும், அல்லது நிறுக்க வேண்டும். அந்தத் தராசுக்குப் பிறகு மாதம் ஒருமுறை நிறுப்பதை நாங்கள் விடவில்லை, அக்காவும் காசு வாங்குவதில்லை.

அன்றைக்கு இரவு வரிசையில் ஒரு பெரியவர் பாரசிட்டமால் பாதி கரைத்துக் கொடுக்கச் சொன்னார். முகாமில் எந்த வருத்தத்துக்கும் முதல் மருந்து அதுதான், அன்போடுதான் சொன்னார். பூனைக்கு அது நஞ்சு. அந்த மருந்தை முறித்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் செத்துப்போகும், ஒரே மாத்திரை போதும். மனிதருக்குக் கொடுக்கிற வலி மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் பூனைக்குக் கொடுக்க வேண்டாம். மீன்குழம்புச் சோறும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

காலையில் பிளாஸ்டிக் கூடையில் பழைய சேலையை விரித்து, மேலே வலை கட்டி, ராமநாதபுரம் பஸ் ஏறினோம். அம்மாவும் வந்தார். பக்கத்து ஆள் கூடைக்குள் கோழியா என்று கேட்டார். பூனை என்றதும், பூனைக்கு டாக்டரா என்று கேட்காமல் கூடை வைக்கத் தன் காலை ஒதுக்கிக்கொண்டார். மாட்டாஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஆடுகள்தான் அதிகம். ஆட்டுச் சத்தத்துக்குச் சூடை நடுங்கினாள். அதனால் கூடையை முழுக்க மூடி, வேப்ப மரத்தடியில் தள்ளி நின்றோம். மூடியிருந்தால் பூனை அடங்கும்.

டாக்டர் கேட்ட கேள்விகளெல்லாம் நாங்கள் வீட்டில் பார்த்தவைதான். தண்ணீர் எவ்வளவு, மூத்திரம் எவ்வளவு, வாந்தி உண்டா, இரவில் கத்துகிறாளா, பசி கூடியதா குறைந்ததா? பசி கூடிக்கூடி உடம்பு மெலிந்து, இரவில் ஓயாமல் கத்தினால் தைராய்டாக இருக்கலாம். தாகமும் மூத்திரமும் கூடி, பின்னங்காலின் குதி நிலத்தில் பட நடந்தால் சர்க்கரையைச் சந்தேகிப்பார்கள். சர்க்கரை சோதித்தபோது சற்று ஏறியிருந்தது. பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும், ஒரு அளவை வைத்து முடிவு கட்ட முடியாது என்று மூத்திரத்தையும் பார்த்தார். அதில் சர்க்கரை இல்லை. இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் கூடியிருப்பதாக முடிவு வந்தது.

சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடும்போது மூன்றில் இரண்டு பங்கு வேலை போகும் வரைக்கும் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அதன் பிறகுதான் மூத்திரம் நீர்த்துப்போய், போன தண்ணீரை ஈடுகட்டப் பூனை குடித்துக்கொண்டே இருக்கும். கிரியேட்டினின் ஏறுவதற்குள் முக்கால் பங்கு போயிருக்கும். இது குணமாகிற நோயில்லை. ஆனால் கவனித்தால் மாதங்கள், சில பூனைகளுக்கு வருடங்கள்கூடக் கிடைக்கும் என்றார் டாக்டர். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அது போதும் ஐயா" என்றார்.

செய்வது பெரிய வித்தையில்லை. கருவாட்டை நிறுத்தினோம். உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்த மீன்சதை, மீன் அவித்த தண்ணீர் கொஞ்சம். முள்ளோடு தின்கிற பொடிமீனில் பாஸ்பரஸ் அதிகம், கெட்ட சிறுநீரகத்துக்கு அது ஆகாது. சிறுநீரக நோய்க்கென்று தனித் தீவனம் விற்கிறார்கள். விலை கூட, ஆகையால் கையில் காசிருக்கும் மாதம் மட்டும் வாங்கிக் கலக்கிறோம். தண்ணீர்ச் சட்டியை ஒன்றுக்கு மூன்றாக்கி, மதில் ஏறாமலே எட்டுகிற இடங்களில் வைத்தோம். எங்கள் குடத்தில் குறைந்தாலும் அவள் சட்டியில் குறையவில்லை. அவள் மலசலம் போகிற மணல் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டினோம், மூட்டு வலியோடு ஏறி இறங்க வேண்டாமே.

தோலுக்கடியில் சலைன் ஏற்ற எனக்கு டாக்டரே கற்றுக்கொடுத்தார். தோள்பட்டைக்கு நடுவில் தளர்ந்த தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியைச் செலுத்த வேண்டும். குளிர்ந்த சலைன் போனால் சிலிர்ப்பாள், அதனால் பையை முதலில் வெந்நீரில் வைத்துக் கைச்சூட்டுக்குக் கொண்டுவருவேன். 100 மில்லி இறங்கும்போது தோலுக்கடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் எழும், கொஞ்ச நேரத்தில் அது முன்காலுக்குச் சரிந்து, சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அம்மா அவள் தலையைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். அளவையும் இடைவெளியையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதய நோய் உள்ள பூனைக்கு இதே சலைன் மூச்சை அடைக்கும்.

இந்தச் செய்தி பரவி, இப்போது வரிசையில் யார் பூனைக்கு என்ன என்றாலும் எங்கள் வாசலுக்கு வருகிறார்கள். ஒரு பிள்ளை தன் கடுவன், அதாவது ஆண் பூனை, மணலில் குந்திக் குந்தி எழும்புது, ஒன்றும் வரவில்லை, மலச்சிக்கல் போல என்றாள். மூத்திரம் அடைத்த கடுவனுக்கு மணிக்கணக்குத்தான், ஓரிரு நாளில் உயிர் போகும். அன்றைக்கே கொண்டுபோகச் சொன்னேன், கொண்டுபோனாள், பிழைத்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், பகல் வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே கிடந்து சுவரில் முட்டுவதும் அப்படித்தான், காத்திருக்கக் கூடாதவை. கண் திடீரென்று போவது பெரும்பாலும் இரத்த அழுத்தத்தால். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள், நிமிடத்துக்கு 30ஐத் தாண்டக் கூடாது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே டாக்டரிடம் கேட்க வேண்டும், ஏனென்றால் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும்.

எந்த ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த பஸ்ஸில் கூடையை ஏற்ற விடுவார்கள், எந்த மருந்துக்கடையில் சலைன் கிடைக்கும் என்பதெல்லாம் அந்தச் சித்திரைக்கு முன்னால் எனக்குத் தெரியாது. இந்தக் கரையில் இவ்வளவு காலம் இருந்தும் ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்தவை தாலுகா ஆபீசும் பெரியாஸ்பத்திரியும்தான். சூடைக்காக ஓடியதில் வேதாளை அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற அளவுக்கு உறவாகிவிட்டோம்.

சூடை இருக்கிறாள். நல்ல நாளில் படியில் வெயில் காய்கிறாள், கெட்ட நாளில் கட்டிலுக்கு அடியில். சாப்பாட்டையும் எங்களையும் அறவே ஒதுக்குகிற காலம் வந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறோம், வலியில் இழுக்க விடமாட்டோம் என்று அம்மாவும் சம்மதித்துவிட்டார். போன கிழமை நிறுத்தபோது எடை இறங்கவில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனை வெள்ளிக்கிழமை. அன்றைக்கு முகாமில் ஆள் கணக்கெடுக்கிற தணிக்கை வைத்தால் ஆள் இருந்தாக வேண்டும், எனவே அம்மா வீட்டில் நிற்பார், கூடையை நான் கொண்டுபோவேன்.