சிலாப்பில் இருந்து இறங்கியவை

டிசம்பர் 22, 2024, ஞாயிறு

காலையில் பல் துலக்கி முடிப்பதற்குள் நாலு கேள்வி. பெரியவனின் சாக்ஸ் எங்கே, சின்னவளின் டிராயிங் நோட்டு எங்கே, கேஸ் புக் பண்ணியாச்சா, இன்றைக்கு என்ன டிபன். நாலுக்கும் பதில் என் தலைக்குள்தான் இருக்கிறது என்று வீட்டில் எல்லாரும் நம்புகிறார்கள். இருக்கவும் செய்கிறது, அதுதான் கொடுமை.

மதுரை ஆனையூர் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு, ஐந்து பேர். மூன்று பரண். எங்கள் பேச்சில் சிலாப். மூன்றும் நிரம்பி, மிச்சம் கட்டிலுக்கடியில் இறங்கிவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறோம். அதற்குள் சிலாப்பைக் காலி பண்ணிவிட வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தேன். அவர் "பண்ணலாமே" என்றார். அத்தை ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அத்தை பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பதினாறு வருஷ அனுபவம்.

டிசம்பர் 29, ஞாயிறு

அரையாண்டு விடுமுறை என்பதால் பெரியவன் ஏணியில் ஏறினான். முதலில் இறங்கியவை எல்லாம் காலி அட்டைப்பெட்டிகள். மிக்ஸி பெட்டி, இன்டக்‌ஷன் அடுப்புப் பெட்டி, டிவி பெட்டி, உள்ளே தெர்மாகோல் அலுங்காமல். "வாரண்டிக்கு வேணும்" என்றார் அவர். டிவி போய்ச் சேர்ந்தே மூன்று வருஷம் ஆகிறது.

அப்புறம் அரசு கொடுத்த மேஜை மின்விசிறி. 2011 தேர்தலுக்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டரோடு வந்தது. கிரைண்டர் இன்னும் ஓடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். மின்விசிறிக்குத் தலை மட்டும் ஆடுகிறது, காற்று வராது. இதுவும் "ரிப்பேர் பண்ணலாம்" என்ற வரிசையில் இருந்திருக்கிறது.

இவர்கள் சேர்த்து வைத்ததைப் பார்த்து நக்கலடித்துக்கொண்டே இருந்தேனா, கடைசியில் சமையலறைச் சிலாப்பில் இருந்து இரண்டு பெரிய கட்டைப்பை வந்தது. நிறைய ஹோட்டல் பார்சல் டப்பா. கறுப்பு, வெள்ளை, வட்டம், சதுரம், கழுவித் துடைத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியவை. சின்னவள் உட்கார்ந்து எண்ணினாள். 83. மூடி 57. அது முழுக்க என் சேமிப்பு. யாரும் எதுவும் பேசவில்லை. அத்தை மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஜனவரி 1, 2025, புதன்

புது வருஷத் தீர்மானம் எல்லாம் இல்லை. ஆனால் டிபன் கேள்விக்கு ஒரு முடிவு கட்டினேன்.

இதுவரை நடந்தது இதுதான்: அவருக்கு இட்லி, பெரியவனுக்கு தோசை, சின்னவளுக்கு பிரெட், அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் கேழ்வரகுக் கூழ். ஆறரையில் இருந்து எட்டு வரை அடுப்பில் வேறு வேறு பாத்திரம். எனக்கு எட்டு முப்பத்தைந்துக்கு பஸ்.

இனி மாவு சொல்வதுதான் டிபன். ஞாயிறு சாயங்காலம் நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கை வெந்தயம், ஒரே ஆட்டு. திங்கள், செவ்வாய் எல்லாருக்கும் இட்லி. புதன், வியாழன் தோசை. வெள்ளிக்கிழமை மாவு புளிப்பேறியிருக்கும், வெங்காயம் பச்சைமிளகாய் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். சனிக்கிழமை உப்புமா, பிடிக்காதவர்கள் பழைய சோறு. அத்தைக்குக் கூழ் மட்டும் தொடரும், அதை அவரே காய்ச்சிக்கொள்கிறார், நான் கிட்டே போனால் கட்டி தட்டிவிடும் என்கிறார். உண்மைதான்.

தினசரி காலண்டர் அட்டையின் கீழே இதை எழுதி ஒட்டிவிட்டேன். கேஸ் மாற்றிய தேதியை அந்த அட்டையிலேயே குறிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம், அதனால் எல்லார் கண்ணும் ஒரு தடவையாவது அங்கே போகும்.

ஜனவரி 3, வெள்ளி

பணியாரம் பத்தவில்லை. பெரியவன் பதினாறு தின்றான். வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று கிட்டத்தட்ட குடும்பமே உடைந்திருக்கும்.

நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பழைய பேப்பர்க்காரர் வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் உற்சாகமாகி, சிலாப்பில் இருந்து இறக்கிய பேப்பர், பழைய கைடு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் கிலோ பதிமூன்று ரூபாய்க்குப் போட்டுவிட்டார். நான் வந்தபோது 234 ரூபாயைப் பெருமையாக நீட்டினார். அத்தை அறையில் இருந்து எட்டிப் பார்த்து, "அந்தச் சிவப்புத் துணியில கட்டுன நோட்டு எங்கய்யா?" என்றார்.

மொய் நோட்டு.

அவர் செருப்புகூடப் போடாமல் வண்டியை எடுத்தார். பேப்பர்க்காரர் இரண்டு தெரு தள்ளி, டீக்கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டு வடை தின்றுகொண்டிருந்தாராம். மூட்டையை நடுத்தெருவில் அவிழ்த்துத் தேடி எடுத்து வந்தார். மூட்டையை மறுபடி கட்டிக்கொடுத்ததற்கு ஐம்பது ரூபாய் கொடுத்தது தனிக்கதை. அதுவரை அத்தை திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மொய் எழுதுவதை எங்கள் பக்கம் செய்முறை என்போம். இன்றைக்கு மண்டபத்து வாசலில் கம்ப்யூட்டர் வைத்து மொய் வாங்கி ரசீது அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அத்தையிடம் இருப்பது மாமா கையெழுத்தில், நீளவாக்கில் மடித்துத் தைத்த கணக்கு நோட்டு. முதலில் ஊர், அப்புறம் இனிஷியல், பேர், தொகை. மாமா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நோட்டின் ஓரங்கள் பழுப்பேறி, தொட்டால் உதிர்கிறது.

இதை வெறும் கணக்கு நோட்டு என்று நான் நினைத்திருந்தேன். அத்தைக்கு அது பாக்கி. மொய் எழுதியவர்கள் வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ வரும்போது, வந்ததற்கு மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். விட்டுப்போனால், அடுத்த விசேஷத்தில் முகம் பார்க்க முடியாது.

ஜனவரி 7, செவ்வாய்

சின்னவள் யோசனை: எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து, எக்ஸலில் ஏற்றிவிடலாம். அத்தை உடனே ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியம். நிபந்தனை ஒன்றுதான், நோட்டைத் தூக்கிப் போடக் கூடாது.

நேற்றும் இன்றும் எட்டரைக்கு டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். அத்தை வாசிக்க, சின்னவள் தட்டினாள். மாமாவின் "ழ"வும் "மு"வும் ஒரே மாதிரி இருக்கும். 1989-இல் என் வீட்டுக்காரரின் அக்கா கல்யாணத்தில் 11 ரூபாயும் 21 ரூபாயும்தான் அதிகம். 51 எழுதியவர் பெரிய ஆள். உசிலம்பட்டி, செக்கானூரணி, வாடிப்பட்டி, சோழவந்தான் என்று ஊர் ஊராக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு கதை. "இவன் அன்னிக்கு முறைச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் போனான், ஆனா மொய்ய எழுதிட்டுத்தான் போனான்."

இரண்டு நாளில் ஒன்பது பக்கம். இந்த வேகத்தில் போனால் தை முடிந்துவிடும்.

ஜனவரி 11, சனி

ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பு வாங்கினோம்: ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, முழுக்கரும்பு. கரும்பை பைக்கில் கொண்டுவருவதற்குள் அவர் இரண்டு பேரிடம் திட்டு வாங்கினார்.

மத்தியானம் பாத்திரங்கள். அத்தை "வெளுத்துப்போனதை எடுத்துக்கோ, நான் எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். பித்தளை அண்டாவில் மட்டும் கை வைக்கவில்லை. மூடி இல்லாத தூக்குச் சட்டி நாலு, அடி ஆடும் குண்டான், ஓட்டைச் சல்லடை, காது போன எவர்சில்வர் வாளி, இட்லிக் கொப்பரையில் தட்டு இல்லாத கொப்பரை மட்டும். ஒரு சாக்கு நிறைந்தது.

மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு அந்தப் பக்கம் போவது இதுதான் முதல் தடவை. பழைய இடத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின் சத்தத்தில் பேரம் பேசியது போல இல்லை, ஆனால் கால் மிதிபடாமல் நிற்க முடிந்தது. ஒரு பாத்திரக்கடையில் சாக்கை எடை போட்டு, மேலே 380 ரூபாய் கொடுத்து, ஐந்து பேருக்கும் ஒரே அளவில் தட்டும் டம்ளரும் வாங்கினேன். இனி "என் தட்டு" சண்டை கிடையாது.

ஜனவரி 13, திங்கள், போகி

சென்னையில் போகிப் புகை என்று டிவியில் காட்டினார்கள். எங்கள் பக்கம் கொளுத்தும் பழக்கம் அவ்வளவாகக் கிடையாது, காப்புக் கட்டுவதுதான். பீளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ சேர்த்து வாசல் நிலையில் பெரியவன் செருகினான். சமையலறைச் சிலாப்பில் இப்போது பித்தளை அண்டாவும் ஒரு விளக்குப் பெட்டியும் மட்டும். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. பார்சல் டப்பாவில் பன்னிரண்டை வைத்துக்கொண்டேன். சரி, பதினைந்து.

ஜனவரி 26, ஞாயிறு

தை பிறந்ததும் பத்திரிகைகள் வர ஆரம்பித்துவிட்டன. இன்று செக்கானூரணியில் இருந்து ஒரு தம்பதி நேரில் வந்து தாம்பூலத்தோடு வைத்துவிட்டுப் போனார்கள், பேத்திக்குக் காதுகுத்து. வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, "எவ்வளவு செஞ்சிருக்காங்க, பாரு" என்று சின்னவளிடம் சொன்னேன். அவள் போனை எடுத்து ஊர்ப் பேரைத் தட்டத் தொடங்கினாள். எக்ஸல் திறக்கவே நேரம் எடுத்தது.

"2009. பெரியவன் பேரு வச்ச அன்னிக்கு. ஐநூத்தி ஒண்ணு" என்றார் அத்தை, பூண்டு உரித்தபடியே.

"அப்பத்தா, இருங்க, நான் இன்னும் தேடுறேன்."

"தேடு, தேடு. கூட ஒரு எவர்சில்வர் வாளியும் வச்சாங்க. பேரு வெட்டுனது. அதுக்குத்தான் நாமளும் பாத்திரமா ஏதாவது வைக்கணும்."

சின்னவள் திரையில் இருந்து தலையைத் தூக்கி, "ஆமா, 501" என்றாள்.

அத்தை பூண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த வாளி எங்க? காதுதான் போயிருந்துச்சு, மாத்திக்கலாம்னு வச்சிருந்தேன்."

நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பால் வைக்கவில்லை. இப்போது வைக்க வேண்டும்.