இரண்டு சின்னாறுகளும் ஒரு முட்டை அட்டையும்

எங்கள் பக்கத்தில் சின்னாறு என்ற பெயரில் இரண்டு ஆறுகள் இருக்கின்றன. பஞ்சப்பள்ளி அணையில் தேங்குகிற சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது. சூளகிரிச் சின்னாறு தென்பெண்ணைக்குப் போகிறது. நடுவில் இருப்பது ராயக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளும் மேட்டுக்காடும்தான், ஆனால் அந்த மேட்டின் ஒரு சரிவில் விழுந்த மழை பூம்புகாருக்கும் மறு சரிவில் விழுந்தது கடலூருக்கும் போய்ச் சேர்கிறது. சரி, இந்த இரண்டு பக்கத்து ஆறுகளும் ஒரு காலத்தில் சேர்ந்திருந்தனவா என்று தெரிந்துகொள்ள, இரண்டு பக்கமும் ஒரே நத்தைகளும் சிப்பிகளும்தானா என்று பார்க்கலாம் என ஐந்து மாதத்துக்கு முன் ஆரம்பித்தேன். செத்த ஓடுகளை மட்டும்தான் எடுக்கிறேன், உயிரோடு இருப்பதைப் படம் எடுத்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிடுகிறேன்.

முதல் இரண்டு மாதம் நத்தைகளிலேயே போய்விட்டது. தட்டைச் சுருள் நத்தையான இண்டோபிளானார்பிஸ் போகிற ஏரியில் எல்லாம் இருந்தது. அது இருபால் உயிரி, தனியாக ஒன்று இருந்தாலே முட்டையிட்டுப் பெருகிவிடும். பாசியில் ஒட்டிய முட்டை கொக்கின் காலிலோ எருமை மேல் அப்பிய சேற்றிலோ அடுத்த ஏரிக்குப் போய்விடலாம். மெலனாய்ட்ஸ் என்கிற கூம்பு நத்தையும் அப்படித்தான், ஆண் இல்லாமலே பெண் குட்டி போடும். இப்படி எங்கும் போகக்கூடியவற்றை வைத்துக்கொண்டு பழைய ஆற்றுப் பாதையைத் தேட முடியாது.

இரண்டு ஓடு உள்ள ஆற்றுச் சிப்பிகள் வேறு ரகம். தாய்ச் சிப்பி தன் செவுளுக்குள் வளர்த்து வெளியே விடுகிற லார்வா, ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விக்கொண்டு கொஞ்ச காலம் இருந்தால்தான் குட்டிச் சிப்பியாக மாறி மணலில் இறங்கும். அப்படியென்றால் மீன் போன வழிதான் சிப்பி வந்த வழி. மீனால் மேட்டுக்காட்டைத் தாண்ட முடியாது, ஆறு ஆற்றோடு சேர்ந்தால்தான் உண்டு. ஓர் ஆறு தன் தலைப்பகுதியை அரித்து அரித்துப் பின்னால் நகர்ந்து பக்கத்து ஆற்றின் ஓடையை வெட்டி இழுத்துக்கொள்ளும்போது இது நடக்கிறது, அந்த ஓடையில் இருந்த மீனும் சிப்பியும் அப்படியே புது ஆற்றுக்கு வந்துவிடும். தென்பெண்ணையும், காவிரியில் சேரும் அர்க்காவதியும் நந்தி மலைப் பகுதியில் அடுத்தடுத்துப் பிறக்கின்றன என்று தெரிந்த அன்று வரைபடத்தை மூடவே மனசு வரவில்லை. காவிரியே ஒரு காலத்தில் ஒகேனக்கல்லிலிருந்து தெற்கே திரும்பாமல் வடகிழக்காக ஓடியிருக்கலாம் என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த நிலவியலாளர்கள் சிலர் சொல்கிறார்கள். (தென்பெண்ணைக் கரையில் இருக்கிற ஊருக்கு எப்படிக் காவேரிப்பட்டணம் என்று பெயர் வந்தது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ஊர்ப் பெயரை ஆற்றுக்குச் சாட்சியாக எடுக்க மாட்டேன்.)

மார்ச்சில் ஒரு தவறு. பஞ்சப்பள்ளிக்குக் கீழே ஒரு சிறு பாலத்தருகே, உச்சியில் வளைவு வளைவாக வரி ஓடும் தடித்த சிறு ஓடுகள், பாரேசியா, ஏழெட்டுக் கிடைத்தன. சந்தோஷத்தில் உடனே எழுதி வைத்துவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "இது பாலம் கட்டக் கொண்டாந்த மணல்ல வந்ததுப்பா, இந்த ஆத்துது இல்ல" என்றார். அந்த ஓடுகள் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அப்புறம் இரண்டு ஓடும் கீல் விடாமல் ஒட்டியிருக்கிற ஜோடிகளை மட்டும், அதுவும் கட்டட வேலை நடக்காத இடத்தில் கிடைத்தால்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைய நிலவரம்: முப்பது குழி முட்டை அட்டையில் காவிரிப் பக்கம் பதினொன்று, இருமத்தூர், அனுமன்தீர்த்தம் என்று தென்பெண்ணைப் பக்கம் பதினான்கு. நீண்ட மெல்லிய லமெல்லிடென்ஸ் இரண்டு பக்கமும் இருக்கிறது, பாரேசியாவும் இரண்டு பக்கமும் இருக்கிறது. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கின்றன, ஆனாலும் ஆறுகள் சேர்ந்திருந்தன என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். இந்த இரண்டும் இந்தியாவில் பரவலாக உள்ளவை, போதாததற்கு அணைகளில் மீன் குஞ்சு விடும்போது அதன் செவுளில் லார்வாவும் சேர்ந்து வந்திருக்கலாம். உருவத்தையும் நம்ப முடியாது. கர்நாடகத்தில் துங்கா, பத்ரா ஆறுகளில் பாறையோடு ஒட்டி வளரும் ஸூடோமுல்லேரியா டாலி என்ற சிப்பியை, தென் அமெரிக்க, ஆப்பிரிக்க ஒட்டுச் சிப்பிகளின் உறவு என்றே வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2000இல் வந்த மரபணு ஆய்வு அது சாதாரண ஆற்றுச் சிப்பிகளின் குடும்பம் என்று காட்டியது. பாறையில் ஒட்டும் வழக்கம் தனித்தனியாக வந்திருக்கிறது.

அதனால் இனி அணைகளை விட்டுவிட்டு, மீன் குஞ்சு யாரும் விடாத, அணைக்கு மேலே உள்ள சின்ன ஓடைகளுக்குத்தான் போகப்போகிறேன். அட்டையில் மீதி ஐந்து குழியும் சூளகிரிச் சின்னாற்றுக்கு. அங்கே இன்னும் ஒரு ஜோடி கூடக் கிடைக்கவில்லை. தண்ணீர் இன்னும் ஓரடி வற்றினால் ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிற ஓடையின் மணலைச் சலித்துப் பார்க்கலாம்.