38-க்குக் கீழே என்றால் நிம்மதி

மகப்பேறு வார்டிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வரும் இரத்த மாதிரிகளில் நான் கூடுதல் கவனத்தோடு பார்ப்பவை, எஸ்எஃப்எல்டி-1, பிஎல்ஜிஎஃப் என்னும் இரு புரதங்களின் விகிதம் (முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் எண்) கேட்டு வருபவையே. கர்ப்ப காலத்தில் இவ்விரண்டையும் பெருமளவில் சுரப்பது நஞ்சுக்கொடி. பிஎல்ஜிஎஃப் இரத்தக் குழாய்களின் வளர்ச்சிக்கு உதவுகிறது. எஸ்எஃப்எல்டி-1 அதைப் பற்றிக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. கருப்பையின் தமனிகள் போதிய அளவு விரியாமல் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் குறையும்போது, இந்தத் தடுப்புப் புரதம் தாயின் இரத்தத்தில் பெருகுகிறது. பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் வெளியேறி, ப்ரீ-எக்லாம்ப்சியா என்னும் கர்ப்பகால நோய் தலைகாட்டுகிறது.

இத்தொடர்பை 2003-இல் எலிகளிடம் காட்டிய பாஸ்டன் குழுவை வழிநடத்திய அனந்த் கருமாஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சிறுநீரக மருத்துவர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. எலிகளின் உடலில் எஸ்எஃப்எல்டி-1 மிகுதியாக உருவாகும்படி செய்தபோது இரத்த அழுத்தம் உயர்ந்தது, சிறுநீரில் புரதம் தென்பட்டது, சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் கிளாமருலஸ் முடிச்சுகள் நோயுற்ற தாய்மாரிடம் காண்பதைப் போலவே வீங்கின. கருவுறாத எலிகளுக்கும் பிரஷர் ஏறியதுதான் அந்த ஆய்விலேயே என்னை மிகவும் வியக்க வைத்த பகுதி. நஞ்சுக்கொடியே இல்லாத உடலிலும் அந்தப் புரதம் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

நோய் இருக்குமோ என்ற ஐயம் எழுந்த பெண்களை 24 முதல் 37 வாரங்களுக்குள் பரிசோதித்து, 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா வராது என்பதை 99.3 சதவீத உறுதியோடு சொல்லலாம் என்று கண்டது. ஆனால் 38-ஐத் தாண்டியவர்களில் நான்கு வாரங்களுக்குள் நோய் வந்தவர்கள் 36.7 சதவீதம் பேர்தான். ஆகவே, நோய் வரும் என்று சொல்வதைவிட இப்போதைக்கு வராது என்று சொல்வதில்தான் இப்பரிசோதனை கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது.

எங்கள் கணினியோ 38-ஐத் தாண்டிய எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுத் தள்ளுகிறது. ரிப்போர்ட்டை வாங்கும் கணவர் மருத்துவரைப் பார்க்கும் முன்பே கைப்பேசியில் தேடிப் பதறிவிடுகிறார். மறுபுறம், விகிதம் குறைவாக வந்திருந்தாலும் பிரஷர் 160/110-ஐத் தொட்டுவிட்டால், மருத்துவர்கள் எங்கள் தாளை ஓரமாக வைத்துவிட்டு உடனே சிகிச்சையைத் தொடங்குவார்கள். அவர்கள் செய்வதே சரி.