பள்ளி பார்க்கப் போனால் நோட்டைக் கேளுங்கள்

மகளை முதல் வகுப்பில் சேர்த்தபோது நாங்கள் செய்த தவறு பலரும் செய்வதுதான். வாசலில் பெரிய பலகை: இறுதித் தேர்வில் 100 சதவீதத் தேர்ச்சி, முதலிடம் பிடித்தவர்களின் படங்கள். உள்ளே நீச்சல் குளம். சுற்றிக் காட்டியவர் ஒரு வகுப்பறைக்குள்கூட எங்களை அழைத்துப் போகவில்லை. வீடு திரும்பிய பிறகும் எங்களுக்கு அது உறைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மூன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது தேடலில் தெரிந்துகொண்டவைதான் இவை.

முதலில் அந்தப் பலகை. 100 சதவீதம் சரி, எத்தனை பேரில்? ஒரு பள்ளியில் இப்படிக் கேட்டேன்: "இந்த வருடம் தேர்வு எழுதியவர்கள் மூன்று வருடத்துக்கு முன்பு எத்தனை பேராக இருந்தார்கள்?" அலுவலகத்தில் இருந்தவர் முதல்வரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்றுவரை சொல்லவில்லை. எண்பது பேரில் தேறாது என்று தோன்றுகிற இருபது பேரை 'வேறு பள்ளி பாருங்கள்' என்று முன்பே அனுப்பிவிட்டால், மிச்சம் அறுபது பேரும் தேறுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்க்கும் பள்ளிக்கும் இதே கணக்குதான். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அங்கேயும் நன்றாகத்தான் படிப்பார்கள். பள்ளி அதற்கு மேல் என்ன சேர்த்தது என்பதைப் பலகை சொல்லாது. அதனால் நான் கேட்க ஆரம்பித்த கேள்வி, படிப்பில் பின்தங்குகிற பிள்ளைக்கு இங்கே என்ன நடக்கும் என்பது. 'அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் இல்லை' என்று பெருமையாகச் சொன்ன பள்ளியை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். நம் பிள்ளை எந்த வருடம் பின்தங்கும் என்று நமக்கே தெரியாதே.

அடுத்தது '15 மாணவருக்கு ஓர் ஆசிரியர்' என்ற விளம்பரம். வகுப்பு சிறியதாக இருப்பது நல்லதுதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஓர் ஆய்வில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பிலும், சிலரை 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பிலும் உட்கார வைத்தார்கள். சிறிய வகுப்புக் குழந்தைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். ஆனால் விளம்பரத்தில் வரும் 15 அந்தக் கணக்கில்லை. பாட்டு ஆசிரியர், விளையாட்டு ஆசிரியர், நூலகர் வரை எல்லோரையும் சேர்த்து வகுத்தால் அந்த எண் வந்துவிடும், வகுப்பறைக்குள் 38 பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். கூடவே, போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். என் மகளுக்கு இரண்டாம் வகுப்பில் ஒரே வருடத்தில் மூன்று வகுப்பாசிரியர்கள். மூன்றாமவர் வந்தபோது, "இவங்க பேரையும் கத்துக்கணுமா?" என்று கேட்டாள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது நோட்டு. மாணவர்கள் எழுதி முடித்த பழைய நோட்டுகள் நாலைந்தைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை மறைத்துக் காட்டினாலும் போதும். முதல் பள்ளியில் என் மகளின் நோட்டும் பக்கத்து இருக்கைப் பையனின் நோட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். 'என் நண்பன்' என்ற கட்டுரையில்கூட இருவருக்கும் ஒரே நண்பன்! கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதியது. எல்லாப் பக்கத்திலும் சிவப்பில் ஒரு 'டிக்', தேதி, அவ்வளவுதான். இப்போது படிக்கும் பள்ளியில் காட்டிய நோட்டுகளில் பிழைகள் நிறைய இருந்தன. கணவருக்கு அது பிடிக்கவில்லை. நான்தான் சொன்னேன், தப்பைக்கூட அந்தப் பிள்ளையே செய்திருக்கிறது பாருங்கள் என்று. ஒரு கழித்தல் கணக்கின் ஓரத்தில் ஆசிரியர், 'கடன் வாங்கியதைத் திருப்பிப் பார்' என்று எழுதியிருந்தார். கீழே அந்தப் பிள்ளை அதே கணக்கை மறுபடி போட்டுச் சரியாக முடித்திருந்தது. அந்த ஒரு பக்கத்துக்காகவே எனக்கு அந்தப் பள்ளி பிடித்துப்போனது.

பெயர்களில் மயங்காதீர்கள். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய கல்வி முறையின் பெயரைப் பெரும்பாலான இடங்களில் யார் வேண்டுமானாலும் பலகையில் போட்டுக்கொள்ளலாம். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படிப்பது அந்த முறையின் அடையாளம். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து இருக்கிறார்களா என்று பாருங்கள், பாதி விஷயம் தெரிந்துவிடும். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம் என்றால், அதை நடத்தும் அமைப்பிடம் அனுமதி வாங்கிவிட்டார்களா, விண்ணப்பித்துக் காத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இரண்டும் வேறு வேறு.

கட்டணத்தில் முதல் வருடத் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆண்டுக்கு 10 சதவீதம் கூடினால் எட்டு வருடத்தில் இரு மடங்கைத் தாண்டிவிடும், பன்னிரண்டு வருடத்தில் மும்மடங்கு. கடந்த மூன்று வருடத்தில் எவ்வளவு கூட்டினார்கள் என்று பள்ளியைவிட வாசலில் நிற்கும் பெற்றோர் நன்றாகச் சொல்வார்கள். பள்ளி விடும் நேரத்தில் போய் நில்லுங்கள். பிள்ளைகள் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பதும் அப்போது தெரியும்.

கடைசியில் இரண்டு பள்ளிகள் மிஞ்சின. ஒன்றுக்கு வண்டியில் 45 நிமிடம், இன்னொன்றுக்கு 10 நிமிடம். போக வர ஒரு நாளைக்கு 70 நிமிட வித்தியாசம். 200 பள்ளி நாளுக்குக் கணக்குப் போட்டால் 230 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. கணவரின் அண்ணன் பிள்ளைகள் தூரத்துப் பள்ளியில் படிப்பதால் வீட்டில் இரண்டு வாரம் வாக்குவாதம் ஓடியது. அப்புறம் பக்கத்தில் இருந்ததிலேயே சேர்த்தோம். அங்கே நீச்சல் குளம் கிடையாது. மகள் மாதம் ஒருமுறையாவது அதை நினைவுபடுத்துகிறாள்.