படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கான உதவித்தொகை: என் அலைச்சல்

மாதம் 500 ரிங்கிட் இப்போது ஒழுங்காக வங்கிக் கணக்கில் விழுகிறது. அதில் எனக்கு நிம்மதிதான். ஆனாலும், முதல்முறை சமூகநல இலாகா முகப்பில் கேட்ட பதிலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பினாங்கில் என்னைப் போல மாமியாரையோ தாயையோ கணவரையோ படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவரும் அப்படி வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

பாரம் நிரப்புவது, அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஒரு காலை வேலைதான். என் மாமியாரை, அத்தை என்றுதான் கூப்பிடுவேன், பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

முகப்பில் இருந்த கிராணி அத்தையின் வயதை மட்டும் பார்த்தார். எத்தனை பிள்ளைகள், வேலை செய்கிறார்களா என்று கேட்டார். இரண்டு மகன்களும் வேலையில் இருக்கிறார்கள் என்றேன். பிள்ளைகள் சம்பாதிக்கும் வீட்டுக்கு உதவி கிடையாது என்று சொல்லித் தாள்களை என் பக்கமே தள்ளினார். பாரத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை; அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்.

அவர் சொன்னது வேறோர் உதவிக்கான நிபந்தனை. 60 வயதைக் கடந்து, ஆதரிக்கக் குடும்பம் இல்லாதவர்களுக்கும், குடும்பம் இருந்தும் அதற்கு வசதி இல்லாதவர்களுக்கும் தரப்படும் முதியோர் உதவி அது. நான் கேட்டதோ, படுத்த படுக்கையாகிவிட்ட மாற்றுத் திறனாளியையோ நாட்பட்ட நோயாளியையோ முழுநேரமும் பராமரிப்பவருக்கான உதவி. இதில் வீட்டின் மொத்த வருமானத்தையும் நோயாளியின் நிலையையும் பார்க்கிறார்கள். பிள்ளைகள் வேலையில் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. இரண்டு உதவிகளுமே 2021இல் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ஆக உயர்ந்தவை; முதியோர் உதவி 2025இல் 600 ஆகிவிட்டது. வெளியாள் குழம்பலாம், முகப்பில் உட்கார்ந்திருப்பவர் குழம்பலாமா? எதற்கும் நீங்கள் பாரத்தின் தலைப்பிலேயே 'பந்துவான் பெஞ்சாகாஆன் ஓகேயூ தெர்லந்தார் / பெசாகிட் குரோனிக் தெர்லந்தார்' என்று இந்த உதவியின் மலாய்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முகப்பில் மறுத்தால், விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டு மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அடுத்த முறை நான் அப்படிக் கேட்டதும், உள்ளேயிருந்து ஓர் அதிகாரி எழுந்து வந்து பாரத்தை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு மருத்துவ அறிக்கை காலை வாரியது. பக்கவாதம், இடப்பக்கம் செயலிழப்பு, இரத்த அழுத்தம் என்று நோய்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அத்தையால் தானாக எழுந்து உட்கார முடியாது, முழுநேரமும் ஆள் வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அது இல்லாமல் கோப்பு நகராது என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமனைக்குத் திரும்பினால், அறிக்கை எழுதிய டாக்டர் வேறு பிரிவுக்கு மாறிப் போயிருந்தார். நான் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்: மூக்குக் குழாய் வழியாகப் பால், புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, பாம்பர்ஸ் மாற்றுவது, இரவில் சளி எடுப்பது. பணியில் இருந்த இளம் டாக்டர் அதைப் பொறுமையாகப் படித்தார். அத்தையின் கோப்பையும் பார்த்துவிட்டுப் புதிய அறிக்கையே எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதங்களில் என் வேலையை ஒருவர் முழுதாகப் படித்துப் பார்த்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்து விசாரித்த அதிகாரி தங்கமான மனுஷி. பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

பணம் வந்ததும் நான் முதலில் வாங்க நினைத்தது ஒரு நாள் ஓய்வைத்தான். அரசாங்கத்தில் அதற்கென்று ஓர் இடம் இருக்குமா என்று தேடினேன். முதியோர் நடவடிக்கை மையங்கள், பாவே என்கிறோமே, அவை நடமாடக்கூடியவர்களுக்கானவை. படுக்கையில் கிடப்பவர்களை ஏற்கும் ருமா ஏசான் இல்லங்கள் ஆதரவற்றவர்களுக்கானவை. இரண்டு நாள் விட்டுவிட்டுத் திரும்ப அழைத்துக்கொள்ள அங்கே வழியில்லை. குடும்பம் பார்த்துக்கொள்ளும் நோயாளிக்கு ஒரு வாரம் கட்டில் தந்தால், அந்தக் குடும்பம் இன்னும் பல வருடங்கள் தாக்குப்பிடிக்கும். இதை நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் உரக்கக் கேட்க வேண்டும்; நான் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

இப்போதைக்கு அந்தப் பணத்தில் மாதத்தில் சில நாள்கள், தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவை வரவழைக்கிறேன். அவர் வரும் நாளில் மதியம் தூங்குகிறேன், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறேன்.

வருமான வரி கட்டும் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பெற்றோரின் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்குமாக வருடத்துக்கு 8,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு உண்டு. பெற்றோருக்குப் பராமரிப்பு தேவை என்று டாக்டர் சான்று தர வேண்டும். மகனின் மனைவியான என் உழைப்பை என் கணவர் தம் கணக்கில் காட்ட முடியாது. வெளியாளுக்குக் கொடுக்கும் கூலியைக் காட்டலாம். கையில் பணம் கொடுக்கும் முதல் நாளிலிருந்தே அவர் பெயர், அடையாள அட்டை எண், தேதி, தொகை போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். என் கொழுந்தனார் இந்த வருடம் அந்தத் தாள்களைக் காட்டித்தான் கழிவு கோருகிறார். கிடைக்கும் தொகையைத் தாதி அம்மாவின் கூடுதல் நாள்களுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.