இன்னும் ரெண்டடி பின்னாடி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால், ஒருவர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். ஸ்கூட்டி வந்தால் இரண்டு பேருமே ஏற வேண்டும். லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் நான் அளந்திருக்க வேண்டியது இந்தச் சந்தின் அகலத்தைத்தான். அளக்கவில்லை.

கேமரா நிக்கான் டி5600, செகண்ட் ஹேண்ட். கூடவே 18-55 கிட் லென்ஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வெயிலில் அந்த லென்ஸை ஒரு குறை சொல்ல முடியாது. சங்கரா மீனின் செதிலை எண்ணிவிடலாம் போல இருந்தது. "எந்த சேனல் தம்பி?" என்று ஒரு மீன்கார அம்மா வேறு கேட்டுவிட்டார். இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் மானம் போயிற்று. எங்கள் வீட்டில் பகலிலும் டியூப்லைட் எரியும். 55-க்கு ஜூம் செய்தால் அந்த லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் ஓட்டை, 5.6-க்கு மேல் திறக்காது. இந்த எண் குறையக் குறையத்தான் ஓட்டை பெரிதாகும். ஷட்டர் வேகம் 1/15 வினாடிக்கு இறங்கிவிடும், அதற்குள் ஆள் அசைந்தால் படம் கலங்கிவிடும். சும்மா உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆயா, படத்தில் சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

தண்டையார்பேட்டையில் கல்யாண போட்டோ எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் போய் நின்றேன்.

"50 எம்.எம். 1.8 வாங்கிக்கோ. என்கிட்டயே ஒண்ணு சும்மா கெடக்கு. நாலாயிரத்து ஐநூறு குடு."

"ஜூம் இல்லையேண்ணா?"

"கால் எதுக்கு வச்சிருக்க? கிட்ட வேணும்னா முன்னாடி போ, தூரம் வேணும்னா பின்னாடி போ. அதான் ஜூம்."

5.6-ஐவிட 1.8-இல் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கணக்குப் போட்டுப் பார்த்து அசந்துபோய்ப் பணத்தை எடுத்து வைத்தேன். பின்னாடி போக இடம் இருக்கிறதா என்ற கணக்கு மட்டும் விட்டுப்போயிற்று.

வீட்டில் மாட்டினேன். கேமராவில் எஃப், ஈ, ஈ என்று மூன்று எழுத்து மினுக்கியது. எதிர்வீட்டு அக்காவின் பையன் ஏழாவது படிக்கிறான். எட்டிப் பார்த்தவன், "அண்ணா, அது ஃபீ கேக்குது" என்றான். நாலாயிரத்து ஐநூறு போதாதா? அப்புறம் தேடிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. இது பழைய டி வகை லென்ஸ். இதில் இருக்கும் அப்பர்ச்சர் வளையத்தை 22-இல் வைத்துப் பூட்டினால்தான் கேமரா படம் எடுக்கும். பூட்டினேன். ஃபீஸ் கேட்பதை நிறுத்தியது. ஆனால் ஃபோகஸ் ஆகவில்லை.

அண்ணனுக்கு போன் போட்டேன். "உன்னோடது என்ன பாடி?" என்றார். சொன்னேன். "அடடா, 7000 சீரிஸ்னுல்ல நெனச்சேன். அதுல மோட்டார் கெடையாதுப்பா."

டி வகை லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் ஸ்க்ரூ டிரைவர் மாதிரி அதைத் திருக வேண்டும். நிக்கானின் 3000, 5000 வரிசை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் அந்த மோட்டார் கிடையாது. நிக்கான் லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருந்தால் என் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகும். மோட்டார் இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது புரியாதா? அடிபம்ப் கேஸ். கையால்தான் அடிக்க வேண்டும்.

சரி, கையாலேயே திருகுவோம் என்று துணிந்த நாளில், ஆயா எம்.சி. ரோட்டில் எடுத்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "காலோட சேத்து எடு நைனா. பார்டர் தெரியணும்."

எங்கள் ஹால் பத்துக்குப் பத்து. அதிலும் கட்டில், பீரோ போக மீதியில்தான் நாங்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் ஆயாவின் நெற்றிப் பொட்டிலிருந்து இடுப்பு வரைதான் தெரிகிறது. டி5600-இன் சென்சார் சின்னது என்பதால் 50 எம்.எம். அதில் 75 போல நெருக்கிக் காட்டும். ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 14 அடி வேண்டும்.

ஆயாவை எங்கள் வாசற்படியில் நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். சந்து நாலடி, முடிந்தது. நெஞ்சு வரைதான் வந்தாள். எதிர்வீட்டுப் படியில் ஏறினேன், நீல டிரம்மைச் சுற்றிக்கொண்டு அவர்கள் ஹாலுக்குள் போனேன். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அக்கா காலை மடக்கி வழி விட்டார். இன்னும் ரெண்டடி. கொலுசு தெரிகிறது, பார்டர் தெரியவில்லை. இன்னும் ஓரடி.

"தம்பி, பின்னாடி அடுப்பு. கொழம்பு கொதிக்குது."

அங்கேயே நின்று வளையத்தைத் திருகினேன். ஃபோகஸ் சரியானால் கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரியும். எரிந்தது. அதே நொடியில் சந்தில் கீரைக்கார அம்மா கடந்தார். மறுபடி எரிந்தது. ஸ்கூட்டி. மூன்றாவது முறை எரிந்தபோது, "எங்கடா போய்த் தொலஞ்சான் இவன்?" என்று என்னைத் தேடிக்கொண்டு ஆயாவே சந்தைக் கடந்து வந்துவிட்டாள். அந்தப் படம் இருக்கிறது. நிலைக்கதவு மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

மறுவாரம் மாற்றிக்கொள்ளப் போனேன். அண்ணன் பெரிதாக ஒன்றை எடுத்து நீட்டினார். "70-300. மூவாயிரத்துக்குத் தர்றேன், பீச்சுல காக்கா எடுக்கலாம்."

"மோட்டார் இருக்கா?"

வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

கடைசியில் 35 எம்.எம். 1.8, ஏஎஃப்-எஸ். பழையதைக் கொடுத்து மேலே நாலாயிரம். மொபைல் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, கண்ணாடியில் ஒட்டடை மாதிரிப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். நம் ஏரியா கடல் காற்றுக்கு அது சீக்கிரம் பிடிக்கும். ஆயா அரிசிப் பானையில் போட்டு வைக்கச் சொன்னாள், ஈரத்தை இழுத்துவிடுமாம். அரிசி மாவு உள்ளே போனால் யார் துடைப்பது? செருப்புப் பெட்டிகளில் வந்த சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு அம்மாவின் முறுக்கு டப்பாவில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

35-இல் ஓர் ஆளை முழுதாக எடுக்க 10 அடி போதும். எங்கள் ஹாலுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல. ஆயாவைப் பீரோவோடு ஒட்டி நிற்க வைத்து, நான் வாசற்படியில் நின்று எடுத்தேன். பார்டர், கொலுசு, மெட்டி எல்லாம் விழுந்தது. ஆயா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பொடவ நல்லா வந்துருக்கு. மூஞ்ச எதுக்கு இவ்ளோ தெளிவா எடுத்த?" என்றாள்.

நேற்று தண்ணீர் பிடிக்கும்போது எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "இன்னா தம்பி, இப்பல்லாம் வூட்டுப் பக்கமே வர்றதில்ல?"